பெயர் பல, மருந்து ஒன்று
மனச்சோர்வுக் குளிசைகள் பற்றி நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

இரணைமடுக்குளத்து வாய்க்காலை அண்டிய ஒரு கிராமம். மழை பிந்தியதால் காலபோக விதைப்பைத் தொடங்க முடியாமல் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், ஒரு வீட்டுத் திண்ணையில் நாம் அமர்ந்திருந்தோம். அந்த வீட்டு அம்மாவுக்கு ஐம்பது வயது கடந்திருக்கும். 2009இல் மகனை இழந்தவர். முகாமிலிருந்து திரும்பி வந்து, காடு மண்டிக் கிடந்த வளவைத் துப்புரவாக்கி, கிணற்றை இறைத்து, வீட்டைக் கட்டி முடிக்கும்வரை ஒரு குறையும் சொல்லாதவர். எல்லாம் ஓரளவு சரிவந்த பிறகுதான் அவர் படுத்தார். விடிய மூன்று மணிக்கு விழிப்பு, சோற்றில் விருப்பமில்லை, ஆட்களோடு கதைக்க மனமில்லை, கை கால் எல்லாம் உளைவு.

கிளினிக்குக்குக் கொண்டு போனார்கள். குளிசை கொடுத்தார்கள். ஒரு மாதம் போனது. "அரசாங்கக் குளிசை வேலை செய்யாது, நல்ல கம்பனிக் குளிசை எடுங்கோ" என்று ஒரு உறவினர் சொன்னார். மகளின் காப்பை அடகு வைத்து, நகரத்துக்குப் போய், தனியார் வைத்தியரைக் கண்டு, பளபளப்பான பெட்டியில் வேறு குளிசை வாங்கி வந்தார்கள். பழைய குளிசையை நிறுத்தும்படி எவரும் சொல்லவில்லை. தாம் முன்னரே மருந்து எடுப்பதாக இவர்களும் சொல்லவில்லை. காலையில் அது ஒன்று, இது ஒன்று. பத்து நாளில் அம்மாவுக்குக் கை நடுக்கம், ஓங்காளம், இருக்க முடியாத அந்தரம், இருந்த கொஞ்ச நித்திரையும் போயிற்று.

மகள் உள்ளே போய் ஒரு பிஸ்கற் பேணியைக் கொண்டுவந்து எமக்கு முன்னால் கவிழ்த்தாள். ஒரு பக்கம் ஆஸ்பத்திரிக் கடதாசிப் பை. அதில் பேனையால் 'புளுவொக்செற்றின்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மறுபக்கம் கம்பனிப் பெட்டி. அதன் பெரிய எழுத்துப் பெயர் வேறு. ஆனால் அப்பெயருக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத சிறிய எழுத்தில், அதே 'புளுவொக்செற்றின்'. காப்பை அடகு வைத்து அவர்கள் வாங்கியது, இலவசமாகக் கையில் இருந்த அதே மருந்தைத்தான். அம்மா உட்கொண்டது இரண்டு மடங்கு.

இது ஒரே வீட்டின் கதையன்று. பல வீடுகளில் கண்டதையும் கேட்டதையும், எவரையும் இனங்காண முடியாதபடி ஒன்றாக்கித் தந்திருக்கிறோம். நம் குடும்பங்களின் பணத்தையும் உடல்நலத்தையும் ஒருங்கே பாதிக்கும் விடயம் என்பதால் இதனைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

கவலையா, நோயா?

காணியை இழந்தவர், பிள்ளையை இழந்தவர், காணாமல் ஆக்கப்பட்டவருக்காக இன்றும் காத்திருப்பவர் அழுவது நோயல்ல. அழாவிட்டால்தான் நாம் யோசிக்க வேண்டும். ஆனால் துக்கம் சிலரில் நோயாகவும் மாறுகிறது. இரண்டு கிழமைக்கு மேல், நாளின் பெரும்பகுதியும் மனம் இருண்டு கிடத்தல்; முன்னர் விரும்பிச் செய்தவற்றில் நாட்டமின்மை; நித்திரை, பசி கெடுதல்; காரணமில்லாத களைப்பும் உளைவும்; தன்னில் தானே குற்றம் காணுதல்; வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம். இவற்றுட் பல சேர்ந்து வந்து, வீட்டு வேலையையும் தோட்ட வேலையையும் செய்ய விடாமல் தடுக்குமானால், அதனை மனச்சோர்வு நோய் என வைத்தியர்கள் கொள்கின்றனர்.

இது நம்மிடையே அரிதன்று. போர் முடிந்த 2009இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் 1,500க்கு மேற்பட்ட வீடுகளில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. அதில் நூற்றுக்கு 22 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. இடம்பெயர்ந்த நிலையில் இருந்தவர்களிடம் இது இன்னும் அதிகமாக இருந்தது. ஆகவே "எங்கள் வீட்டில் மட்டும் ஏன்?" என்று எவரும் வெட்கப்படத் தேவையில்லை.

இலேசான மனச்சோர்வுக்குக் குளிசை தேவைப்படாமலே போகலாம். ஆறுதலாகக் கேட்கும் ஒருவர், ஒழுங்கான சாப்பாடு, சிறிது வேலை, உளவளத்துணை என்பனவே போதுமாயிருக்கும். நோய் கடுமையாகும்போது குளிசை உதவுகிறது. குளிசையா, வேண்டாமா என்பதை நோயாளியைப் பார்த்த வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். குளிசை காணியைத் திருப்பித் தராது, கடனை அடைக்காது, காணாமற் போனவருக்குப் பதில் சொல்லாது. ஆனால் அவற்றுக்காக அலைவதற்கும் ஒருவர் எழுந்து நிற்க வேண்டுமல்லவா? அந்த அளவுக்கு அது கைகொடுக்கும்.

யூரியாப் பையும் மருந்துப் பெட்டியும்

நம் கமக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது கடினமன்று. யூரியா வாங்குகிறோம். ஒரு கம்பனியின் பையில் ஒரு படம், இன்னொரு கம்பனியின் பையில் வேறு படம். ஆனால் யூரியா என்றால் அதில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். நெற்பயிர் பையின் படத்தைப் பார்ப்பதில்லை, நைதரசனைத்தான் எடுக்கிறது.

மருந்தும் அப்படியே. ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று உலகமெங்கும் வழங்கும் பொதுப்பெயர். அது உள்ளே இருக்கும் சரக்கின் பெயர். மற்றது கம்பனி தன் விற்பனைக்காகச் சூட்டிக்கொண்ட வணிகப்பெயர். காய்ச்சல் வந்தால் "பனடோல் தாங்கோ" என்று கேட்கிறோம். பனடோல் வணிகப்பெயர். அதன் சரக்கு பரசிற்றமோல். ஆஸ்பத்திரியில் தரும் வெறும் வெள்ளைக் குளிசையும் பரசிற்றமோல்தான். அது காய்ச்சலைக் குறைப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

மனச்சோர்வு மருந்துகளில் உலகெங்கும் பேர்போனது 'புரொசாக்' என்ற வணிகப்பெயர். அதன் சரக்கு புளுவொக்செற்றின். அதேபோல 'சோலொவ்ற்' என்ற பெயரில் முதலில் விற்கப்பட்டதன் சரக்கு சேற்றலின். இச்சரக்குகளை இன்று பல நாடுகளில் பல கம்பனிகள் செய்கின்றன. ஒவ்வொன்றும் தன் பெட்டிக்குத் தான் விரும்பிய பெயரை வைக்கிறது; சில பொதுப்பெயரிலேயே விற்கின்றன. நமது ஆஸ்பத்திரிப் பையில் எழுதப்படுவது பொதுப்பெயர்.

குளிசையின் நிறம், வடிவம், அளவு என்பன கம்பனிக்குக் கம்பனி மாறும். போன மாதம் பச்சை, இந்த மாதம் வெள்ளை என்றால் பயந்துபோய் நிறுத்திவிடுவோர் உண்டு. நிறத்தைத் தருவது சாயம். குளிசையைத் திரட்டிக் கட்டுவது மா போன்ற பொருட்கள். அவை மருந்தல்ல. நிறுத்துவதற்கு முன் பையிலுள்ள பொதுப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் பழைய பையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றானால் மருந்தும் ஒன்றே. சந்தேகமானால் தந்தவரிடமே கேளுங்கள்.

விலை ஏன் இவ்வளவு வேறுபடுகிறது?

புளுவொக்செற்றினை அமெரிக்காவின் எலி லில்லி கம்பனியின் ஆய்வாளர்கள் 1970களில் உருவாக்கினார்கள். 1987 டிசம்பரில் அமெரிக்க அரசு அதனை விற்க அனுமதித்தது. புதிய மருந்தைக் கண்டுபிடித்த கம்பனிக்குச் சில வருடங்களுக்குத் தனியுரிமை உண்டு. அக்காலத்தில் வேறெவரும் அதனைச் செய்து விற்க முடியாது. ஆய்வுச் செலவும், விளம்பரச் செலவும், இலாபமும் எல்லாம் அந்த விலைக்குள் ஏறிக்கொள்ளும். 2001 ஆகஸ்டில் அமெரிக்காவில் புரொசாக்கின் தனியுரிமை முடிந்தது. அதே மாதம் வேறு கம்பனி அதே சரக்கைக் குறைந்த விலையில் சந்தைக்குக் கொண்டுவந்தது. சில மாதங்களுக்குள் அந்நாட்டு நோயாளரில் பெரும்பாலோர் மலிந்த குளிசைக்கு மாறிவிட்டனர். சோலொவ்ற்றுக்கு இது 2006இல் நடந்தது.

நமது அயல்நாடான இந்தியாவின் கதை வேறு. 1970இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி அங்கே மருந்துச் சரக்குக்குத் தனியுரிமை கிடையாது; அதனைச் செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு. ஆகவே இந்தியக் கம்பனிகள் அதே சரக்கை வேறு முறையில் செய்து, போட்டி போட்டு, மலிவாக விற்றன. 2005இல் அச்சட்டம் மாற்றப்பட்டபோதிலும், அதற்கு முன் வந்த மருந்துகள் இன்றும் அங்கே பெருமளவில் செய்யப்படுகின்றன. இலங்கைக்கு வரும் மருந்துகளிலும் மிகப் பெரும் பங்கு இந்தியாவிலிருந்தே வருகிறது.

ஆகவே மலிந்த குளிசை என்றால் சரக்கைக் குறைத்த குளிசை என்று பொருளல்ல. கண்டுபிடிப்புச் செலவையும் விளம்பரச் செலவையும் சுமக்காத குளிசை என்பதே பொருள்.

நமது நாட்டில் நடந்தது

பொதுப்பெயர் மருந்து என்ற இந்த எண்ணத்தை உலகுக்கு வழிகாட்டிய நாடுகளில் இலங்கையும் ஒன்று என்பதை நம்மிற் பலர் அறியோம். மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே, வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து, 1971இல் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அக்காலத்தில் ஒரே சரக்கு பத்துப் பன்னிரண்டு பெயர்களில் இறக்குமதியாகிக்கொண்டிருந்தது, பணமும் வீணாகியது. அதே ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கப்பட்டது; பிபிலே அதன் முதல் தலைவரானார். நாட்டுக்கு வேண்டிய மருந்துகள் எவையெனத் தெரிந்தெடுத்து, இரண்டாயிரத்துக்கு மேலிருந்த பட்டியலை அறுநூறளவுக்குக் குறைத்து, உலகச் சந்தையில் கேள்விவிலை கோரிப் பொதுப்பெயரில் வாங்கினார்கள்.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் தனியார் இறக்குமதி மீண்டும் பெருகியது. அவ்வாண்டே பிபிலே, கயானா நாட்டில் இருந்தபோது காலமானார். அதே 1977இல் உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. அதில் மனச்சோர்வுக்கான அமிற்றிப்ரிலின் இடம்பெற்றிருந்தது. 2007இல் புளுவொக்செற்றினும் அப்பட்டியலில் சேர்ந்தது. அதாவது, ஏழை நாடுகளின் ஆஸ்பத்திரிகளிலும் இருந்தேயாக வேண்டிய மருந்துகள் இவை.

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைக்கப்பட்டது. வைத்தியர் மருந்துத் துண்டு எழுதும்போது பொதுப்பெயரைத் தெளிவாக எழுத வேண்டும் என்பது அச்சட்டத்தின் ஏற்பாடு. ஆகவே "ஐயா, இதன் பொதுப்பெயரையும் எழுதித் தாருங்கோ" என்று கேட்பது வைத்தியரை மதியாத செயல் ஆகாது. அது நம் உரிமை.

வன்னி மக்களுக்கு இதில் வேறொரு நினைவும் உண்டு. 1990களில் இங்கே மருந்து வருவதற்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டியிருந்தது. கேட்ட அளவு வந்ததில்லை. 1996இல் கிளிநொச்சி வைத்தியசாலை அக்கராயன்குளத்துக்கு இடம்பெயர்ந்து இயங்கிய நாட்களில் எந்தக் கம்பனியின் மருந்து என்று எவரும் கேட்கவில்லை. மருந்து இருக்கிறதா என்றே கேட்டோம். 2022இன் பொருளாதார நெருக்கடியில் நாடு முழுவதுமே அந்தத் தட்டுப்பாட்டை அனுபவித்தது. அப்போதும் பொதுப்பெயரை அறிந்திருந்தவர்களே, எந்தப் பாமசியில் எந்தப் பெட்டி இருந்தாலும் தமக்கு வேண்டியதைக் கண்டு வாங்கினார்கள்.

மலிந்தது தரமானதா?

இது நியாயமான கேள்வி. "சும்மா சொல்கிறார்கள்" என்று நீங்கள் எண்ணாதிருக்க, நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே சொல்கிறோம்.

மாற்றுக் குளிசையைப் பரிசோதிக்கும் முறை இதுதான். சுகதேகிகளான சிலருக்கு ஒரு தடவை மூலக் கம்பனியின் குளிசையும், இன்னொரு தடவை மாற்றுக் குளிசையும் கொடுப்பார்கள். மணிக்கு மணி இரத்தம் எடுத்து, எவ்வளவு மருந்து எவ்வளவு நேரத்தில் இரத்தத்தில் சேர்கிறது என்று அளப்பார்கள். மூலக் குளிசையை 100 என்று வைத்தால், கணக்கின் ஐயப்பாட்டையும் சேர்த்து, மாற்றுக் குளிசை 80க்கும் 125க்கும் இடையே அடங்க வேண்டும். "அப்படியானால் இருபது வீதம் குறையலாமா?" என்று கேட்பீர்கள். ஐயப்பாட்டையும் சேர்த்து அந்த எல்லைக்குள் நிற்க வேண்டுமானால், நடைமுறையில் சராசரி 100ஐ ஒட்டியே இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1996 முதல் 2007 வரை செய்யப்பட்ட 2,070 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உடலில் சேர்ந்த மருந்தின் அளவில் இருந்த சராசரி வித்தியாசம் நூற்றுக்கு நான்குக்கும் குறைவு.

ஆயினும் பிழைகளும் நடந்ததுண்டு. அமெரிக்காவில் புப்ரோப்பியன் என்ற மனச்சோர்வு மருந்தின் மெதுவாகக் கரையும் 300 மில்லிகிராம் குளிசைக்கு ஒரு மலிந்த மாற்று 2006இல் வந்தது. அதற்கு மாறிய பின் தமது நோய் திரும்பிவிட்டதாக நோயாளர் பலர் முறையிட்டனர். 150 மில்லிகிராம் குளிசையைச் சோதித்த முடிவை வைத்தே 300க்கும் அனுமதி கொடுத்திருந்தார்கள். முறைப்பாடுகள் பெருகவே 300ஐ நேராகச் சோதித்தார்கள். அது மூலக் குளிசைக்கு ஈடாகவில்லை. 2012இல் அது சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டது. நோயாளர் வாய்திறந்து சொன்னதாலேயே உண்மை வெளிவந்தது என்பதைக் கவனியுங்கள்.

நமது நாட்டிலும் 2023இல் அரச வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்ட இம்யூனோகுளோபுலின் என்ற ஊசிமருந்தின் தரம் பற்றிய விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அதைக் கேட்டு எல்லா ஆஸ்பத்திரி மருந்தும் கூடாது என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. அந்த விவகாரம் எழுந்தது மருந்து கொள்வனவு செய்யப்பட்ட விதத்தைப் பற்றியே. பொதுப்பெயரில் தரப்படும் எல்லா மருந்தும் தரமற்றவை என்று அது காட்டவில்லை. கண்காணிப்புத் தளர்ந்தால் வணிகப்பெயருள்ள மருந்திலும் போலி வரலாம். நாம் செய்யக்கூடியது, பதிவு பெற்ற பாமசியில் வாங்குவதும், காலாவதித் திகதியைப் பார்ப்பதும், குளிசை மாறியபின் உடல்நிலை மாறினால் அதை வைத்தியரிடம் சொல்வதுமே.

இரண்டு வகை மாற்று

"மாற்று மருந்து" என்ற சொல்லில் ஒரு குழப்பம் உண்டு. அதைத் தெளிவுபடுத்துவது அவசியம்.

முதல் வகை: சரக்கு ஒன்று, பெயர் வேறு. ஒரு கம்பனியின் 20 மில்லிகிராம் புளுவொக்செற்றினுக்குப் பதில் இன்னொரு கம்பனியின் 20 மில்லிகிராம் புளுவொக்செற்றின். இதனைப் பாமசியிலுள்ள மருந்தாளரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாம் வகை: நோய் ஒன்று, சரக்கு வேறு. புளுவொக்செற்றினுக்குப் பதில் அமிற்றிப்ரிலின், அல்லது சேற்றலின். இது யூரியாவுக்குப் பதில் வேறு உரம் போடுவது போன்றது. அளவும் வேறு, விளைவும் வேறு. இம்மாற்றத்தை வைத்தியர் மட்டுமே செய்யலாம். கடைக்காரரோ, அயலவரோ, நாமோ செய்யக்கூடாது.

பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்றாக ஒலிப்பதும் ஆபத்து. சித்தலோபிராம், எஸ்சித்தலோபிராம் என்று இரண்டு உண்டு. ஒன்றின் 10 மில்லிகிராம் மற்றதன் 10 மில்லிகிராமுக்குச் சமமன்று. புளுவொக்செற்றின், புளுபெனசின் என்பன முற்றிலும் வேறுபட்ட மருந்துகள். ஆகவே பெயரை வாயால் சொல்லி வாங்காமல், பழைய பையையோ பெட்டியையோ கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இன்னொன்று: வலிப்புக்கும், லித்தியம் எடுக்கும் நோய்க்கும் அளவு மிக நுட்பமானது. இவற்றில் முதல் வகை மாற்றத்தைக்கூட வைத்தியருக்குச் சொல்லாமல் செய்ய வேண்டாம். மெதுவாகக் கரையும் குளிசைகளை உடைத்தோ அரைத்தோ கொடுக்கவும் வேண்டாம்.

குளிசை எடுக்கும் காலத்தில்

"வேலை செய்யவில்லை" என்று பலர் நிறுத்துவது முதல் இரண்டு கிழமைக்குள். விதைத்த மறுநாள் கதிரை எதிர்பார்ப்பதில்லை நாம். இம்மருந்துகள் பலன் தர இரண்டு முதல் நான்கு கிழமை, சிலருக்கு அதற்கும் மேல் செல்லும். ஆனால் பக்கவிளைவுகள் முதல் நாட்களிலேயே வந்துவிடும். புளுவொக்செற்றினில் ஓங்காளம், அந்தரம், நித்திரைக் குறைவு ஏற்படலாம். பெரும்பாலும் காலையில் எடுக்கச் சொல்வார்கள். அமிற்றிப்ரிலினில் வாய் உலர்தல், மலச்சிக்கல், தூக்கக் கலக்கம் வரும். இரவில் எடுக்கச் சொல்வார்கள். பல விளைவுகள் சில நாட்களில் குறையும். குறையாவிட்டால் வைத்தியரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றலாம்.

அமிற்றிப்ரிலினைக் குறைந்த அளவில் நரம்பு வலிக்கும் தலையிடிக்கும் கொடுப்பதுண்டு. ஆகவே "எனக்கு விசரென்று நினைத்துவிட்டார்களோ" என்று அஞ்ச வேண்டாம். எதற்காகத் தரப்பட்டது என்று கேட்டறியுங்கள்.

சுகம் வந்ததும் நிறுத்தக்கூடாது. சுகமான பின்னரும் மாதக்கணக்கில், பெரும்பாலும் ஒன்பது மாதமளவில், தொடர்ந்து எடுத்த பிறகே வைத்தியர் படிப்படியாகக் குறைப்பார். சாராயம்போல் இதற்கு ஒருவர் அடிமையாவதில்லை. ஆனால் சடுதியாக நிறுத்தினால் தலைச்சுற்றும் பதற்றமும் வரலாம். இக்காலத்தில் கள்ளும் சாராயமும் கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தாமாக நிறுத்தாமல் வைத்தியரைக் கேட்க வேண்டும். வேறு நோய்க்கு எடுக்கும் குளிசைகளையும் நாட்டு மருந்தையும் வைத்தியருக்குக் காட்டுங்கள்.

மிக முக்கியமானது ஒன்று. குளிசை தொடங்கிய முதற் கிழமைகளில், விசேடமாக இளம் வயதினரில், மனம் மேலும் குழம்பக்கூடும். வீட்டார் அருகில் இருக்க வேண்டும். எல்லாக் குளிசைகளையும் வீட்டில் பொறுப்பான ஒருவர் பூட்டி வைத்து, அன்றன்றைக்குரியதை எடுத்துக் கொடுப்பது நல்லது. அமிற்றிப்ரிலின் அளவு மீறினால் இருதயத்தைத் தாக்கும். கிருமிநாசினிப் போத்தல்களையும் அவ்வாறே பூட்டி வையுங்கள். வீட்டுக்குள் வைக்கவே வேண்டாம். 1995ஆம் ஆண்டிலிருந்து நமது நாட்டில் கொடிய கிருமிநாசினிகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டதால் ஆயிரமாயிரம் உயிர்கள் காப்பாற்றப்பட்டன. கொடிய நஞ்சு கைக்கு எட்டாதிருந்தால் உயிர்கள் காக்கப்படும் என்பதற்கு இது ஒரு சான்று.

ஒருவர் "இருந்து என்ன பயன்" என்று சொன்னால் ஏசாதீர்கள், தனியே விடாதீர்கள், கேளுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எந்நேரமும் பேசலாம். உயிராபத்தெனில் 1990 அம்புலன்சை அழையுங்கள்.

கேட்கப் பழகுவோம்

நம் மக்கள் வைத்தியர் முன் வாய் திறப்பது குறைவு. நெடுக வரிசையில் நின்று, பஸ்ஸைத் தவறவிடுவோமோ என்ற பயத்தில், தந்ததை வாங்கிக்கொண்டு வருகிறோம். பின்வருவனவற்றை ஒரு துண்டில் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

1. இம்மருந்தின் பொதுப்பெயர் என்ன? எத்தனை மில்லிகிராம்?
2. எந்த நேரத்தில், எத்தனை நாளைக்கு?
3. நான் ஏற்கனவே எடுக்கும் குளிசைகள் இவை. இவற்றில் எதையேனும் நிறுத்த வேண்டுமா?
4. வெளியில் வாங்கச் சொன்னால்: இதே பொதுப்பெயரில் விலை குறைந்தது உண்டா? ஆஸ்பத்திரிக்கு எப்போது வரும்?
5. அடுத்த கிளினிக்குக்கு வர முடியாவிட்டால் என்ன செய்வது?

குளிசைப் பைகளை எறியாதீர்கள். தகரக் கூரையின் வெக்கையும் குசினி ஆவியும் படாத இடத்தில் குளிசையை வையுங்கள். எங்கே போனாலும், எந்த வைத்தியரைக் கண்டாலும், எல்லாப் பைகளையும் ஒன்றாகக் கொண்டு போங்கள். மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த நமக்கு உறுதியும் அடையாள அட்டையும் எப்போதும் கைப்பையில் இருக்க வேண்டும் என்பது பழகிவிட்டது. கிளினிக் கொப்பியையும் அதோடு சேர்த்துக்கொள்வோம்.

அந்த வீட்டுக்குத் திரும்புவோம். மகள் அடுத்த நாளே பேணியோடு அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். அங்கிருந்த வைத்தியர் கோபிக்கவில்லை. இரண்டு பெயர்களையும் பக்கத்துக்குப் பக்கம் வைத்துக் காட்டி, ஒன்றை நிறுத்தச் சொன்னார். நடுக்கம் சில நாட்களில் தணிந்தது. நித்திரை வரப் பின்னும் ஒரு மாதம் சென்றது. இன்றும் மகனின் திவசம் அண்டும்போது அம்மா இரண்டு மூன்று நாள் எவரோடும் பேசுவதில்லை. ஆனால் இம்முறை களையெடுப்புக்கு வயலில் இறங்கினார். "காப்பு இன்னும் அடகிலதான் கிடக்குது பிள்ளை, வெட்டு முடியட்டும், மீட்பம்" என்றார் எம்மிடம்.

இதனை வாசித்தவர்கள், வாசிக்கத் தெரியாத அயலவர்களுக்கும் வாசித்துக் காட்டுவீர்களாக. முடிந்தால் இன்றே உங்கள் வீட்டு மருந்துப் பேணியைக் கவிழ்த்து, சிறிய எழுத்திலிருக்கும் பெயர்களை ஒரு தடவை பாருங்கள்.